பட்டி நாய்க்கு இந்தி கற்பித்தேன்

இனி என் வாழ்நாளில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஆடு மேய்ப்பதில்லை என்று ஆனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் தீர்மானித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் என் தீர்மானங்கள் மனத்துக்குள் முன்மொழியப்பட்டு, மனத்துக்குள் ஏகமனதாக நிறைவேறி, சமையலறைப் பக்கம் போனதும் தள்ளுபடியாகிவிடும். இந்த முறை அப்படி விடக்கூடாது என்பது தீர்மானத்தின் இரண்டாம் பகுதி.

காரணம் இருக்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்திலும் சத்தீஸ்கரிலும் அலைந்தவன் நான். நின்றுகொண்டே வேலை, நின்றுகொண்டே சாப்பாடு. பாறைக்குள் துளையிடும் பிட்டு இறங்கும் இரைச்சலில் நான் சொன்ன எதுவும் எவர் காதிலும் விழுந்ததில்லை. அப்போதே முடிவு செய்திருந்தேன். ஐம்பது வயதில் ஊர் திரும்புவேன். நால்ரோட்டில் செல்லாயி அக்கா டீக்கடை பெஞ்சில் உட்காருவேன். நான் பேசுவேன்; நாலு பேர் கேட்பார்கள். திரும்பினேன். உட்கார்ந்தேன். மூன்று மணி முதல் ஐந்து மணி வரை பேசினேன். கேட்டார்கள். நிலத்தடி நீர், டீசல் விலை, வெளிநாட்டு விவகாரம் எதுவானாலும் என் கருத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஊர் கலைந்தது. அந்தப் பொற்காலம் சரியாகப் பதினொரு மாதம் நீடித்தது.

அதை முடித்து வைத்தவள் என் மனைவி சாரதாமணி. எம்.எஸ்சி. விலங்கியல். பட்டம் வாங்கிய கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். அதன்பின் ஆராய்ச்சிக்குத் தனக்கு ஒரே ஒரு விலங்குதான் கிடைத்தது என்று உறவினர்களிடம் சொல்வாள். சொல்லும்போது என்னைப் பார்க்க மாட்டாள், அவர்கள் பார்ப்பார்கள். நான் வடக்கே இருந்த காலத்தில் நான்கு மேச்சேரிச் செம்மறிகளை நாற்பதாக்கியவள் அவள். இந்த ஆண்டு ராசிபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மதிய வகுப்பெடுக்க அவளை அழைத்தார்கள். அன்று இரவுச் சோற்றுக்கு முன் செய்தி என்னிடம் வந்து சேர்ந்தது.

"நாளையிலிருந்து எனக்கு வகுப்பு இருக்குதுங்க. பன்னெண்டு மணிக்குப் போனா, திரும்பி வர ஆறு ஆயிரும்."

"நல்லதுதானே. ஆட்ட யாரு பாக்கறது?"

"அதைத்தான் நானும் ரோசன பண்ணுனேன். ஊட்டுல சும்மா இருக்கறது யாரு யாருன்னு எண்ணிப் பாத்தேன். எண்ணி முடிக்க ரொம்ப நேரம் ஆகலீங்க."

"ஆளு வெச்சுக்கலாமே."

"ஆளுக எல்லாம் கோழிப்பண்ணைக்குப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கற ஒரு ஆளத்தான் கேட்டுட்டு இருக்கறேன்."

"எனக்கு நால்ரோட்டுல சோலி இருக்குது, சாரதா."

"என்ன சோலிங்க?"

"நாலு பேரு யோசன கேக்க வருவாங்க."

"அந்த நாலு பேரையும் இங்க வரச் சொல்லுங்க. ஆட்டோட சேத்து மேய்ச்சுப்போடலாம்."

அவ்வளவுதான். மறுநாள் முதல் நான் இடையன்.

எங்கள் மேய்ச்சல் காடு நான்கு ஏக்கர். மூன்று பக்கம் கிளுவை வேலி. மேற்கே பக்கத்துக்காட்டுக் குமாரசாமியின் குச்சிக்கிழங்குப் பயிர், அதாவது மரவள்ளி. இரண்டுக்கும் நடுவில் வேலியில் ஓர் இடைவெளி உண்டு, அது வண்டித்தடம். தடத்தை அடைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் எவரும் கேட்க மாட்டார்கள். மூன்று தலைமுறை கோர்ட்டுக்குப் போகும். ஆகவே தடம் திறந்தே கிடக்கும். கிழங்குத் தழையை ஆடு வயிறார மேய்ந்தால், வாயில் நுரை தள்ளி, பொழுது சாய்வதற்குள் செத்துப்போகும். கீழ்க்காட்டில் ஒரே மாலையில் ஏழு ஆடுகள் அப்படிப் போயின. அதனால் தடத்து வாயில் ஒரு மனிதன் நின்றே ஆக வேண்டும். அந்த மனிதன் நான்.

நாய் இல்லையா என்று கேட்பீர்கள். இரண்டு இருந்தன. கரியன் என்றொரு கடுவன், செவலை என்றொரு பெட்டை. பட்டிக்குக் காவலாகவே வளர்ந்தவை. நரியானாலும் திருடனானாலும் ஊர் நாயானாலும் எங்கள் எல்லைக்குள் கால் வைத்தால் திரும்பிப் போவதில்லை. ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது மட்டுமே தங்கள் இலாகா என்பது அவற்றின் கொள்கை. உள்ளிருக்கும் ஆடு வெளியே போனால் அது வேறு இலாகா. சாரதாமணி கூப்பிட்டால் எழுந்து ஓடும். நான் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

இந்த நிலையில்தான் கைப்பேசியில் அந்தக் காணொளியைக் கண்டேன். ஏதோ ஒரு குளிர் தேசத்தில் ஒற்றை நாய் இருநூறு ஆடுகளை ஓட்டுகிறது, நிறுத்துகிறது, மடக்கிப் பட்டியில் அடைக்கிறது. அதன் எஜமானர் நாற்காலியில் சாய்ந்து எதையோ குடித்துக்கொண்டிருந்தார். நாயைவிட எஜமானரையே நான் அதிக நேரம் பார்த்தேன்.

கரியனும் செவலையும் இதைக் கற்றால் மூன்று மணிக்கு நான் பெஞ்சில் இருப்பேன். ஆனால் பழக்குவதற்கு ஆடு வேண்டுமே. மேச்சேரிச் செம்மறிகளில் பதினேழு சினை. ஓடவிட்டால் இளைக்கும். நாற்பது ஆடுகளின் முகமும் சாரதாமணிக்கு மனப்பாடம். ஒரு கன்னம் ஒட்டினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே பழகுவதற்கென்று தனியாக, சிறியதாக, முகம் தெரியாத ஆடு வேண்டும். தேடினேன். சேலத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஒருவர் பிக்மி ஆடு விற்கிறார் என்று அதே கைப்பேசி சொன்னது.

பிக்மி என்பது குட்டை வெள்ளாடு. முழு வளர்ச்சி அடைந்தாலும் என் முழங்காலைத் தாண்டாது. கால் குழந்தையுடையது, வயிறு சப்-ரிஜிஸ்திரார் உடையது. மூன்றை வாங்கி, சின்ன யானை என்கிற குட்டி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன். சாரதாமணி வாசலில் நின்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதென்னங்க, சாயப்பட்டறைல முக்கி எடுத்ததுல சுருங்கிப்போச்சா?"

"இது பிக்மி. இவ்வளவுதான் வளரும்."

"மூளையுந்தானுங்களா?"

"சேலத்துல பங்களாக்காரங்க எல்லாம் ஆசைக்கு வளக்கறாங்க. குட்டி போட்டா கிராக்கி எப்படி இருக்கும் தெரியுமா?"

"சரிங்க. இதுல கெடா எது?"

நான் குனிந்து பார்த்தேன். வாங்கும்போது பார்த்திருக்க வேண்டிய இடத்தில் இப்போது பார்த்தேன்.

"மூணும் பொட்டைங்க," என்றாள் அவள், குனியாமலே. "குட்டி எப்படி வரும்? கூரியர்லயா?"

"கெடா அப்புறமேலு வாங்கலாம்னு ஒரு திட்டம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என் இனம், பேரினம், உணவுப் பழக்கம், அழியும் வாய்ப்பு எல்லாம் அந்தப் பார்வையில் எழுதி முடிந்தன. பிறகு மூன்றுக்கும் பெயர் வைத்தாள்: அரை, கால், அரைக்கால். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. சாரதாமணி கேள்வியை நிறுத்தினால் விடை கிடைத்துவிட்டது என்று பொருள். இருபத்துநான்கு ஆண்டு இல்லற வாழ்வில் இந்த ஒன்றையாவது நான் கற்றிருக்கலாம்.

பயிற்சியை எந்த மொழியில் நடத்துவது என்பது அடுத்த கேள்வி. தமிழ் கூடாது என்று உடனே முடிவு செய்தேன். வா, போ, நில், உட்கார் எல்லாவற்றையும் சாரதாமணி ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் தமிழ் முழுவதும் அவள் பெயரில் பட்டாவாகிவிட்ட சொத்து. நான் நில் என்று சொல்லி, அவள் வா என்று சொன்னால் நாய் எந்தப் பக்கம் போகும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எனக்கென்று ஒரு மொழி இருந்தது. ரிக் வண்டியில் வடநாட்டு ஆட்களிடம் இருபத்திரண்டு ஆண்டுகள் பேசிய இந்தி. அந்த மொழியில் நான் சொன்னால் ஆறங்குல இரும்புக் குழாயே அசைந்திருக்கிறது. சாரதாமணிக்கோ இந்தி தெரியாது. ரயிலேறி வடக்கே போனவள் அல்லள். ஆகவே சலோ என்றால் நட. ருக்கோ என்றால் நில். வாபஸ் என்றால் திரும்பிப் பட்டிக்குப் போ. மூன்றே சொல். எவரும் குறுக்கிட முடியாத ஆட்சி.

முதல் நாள் அவள் கல்லூரிக்குப் போனதும், சட்டைப்பை நிறையப் பொறை ரொட்டி வாங்கிப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போனேன். அரை, கால், அரைக்கால் மூன்றையும் நாய்களுக்கு முன்னால் நிறுத்தி, சலோ என்றேன். கரியன் படுத்தது. செவலை, கால் என்ற ஆட்டின் முகத்தை நக்கிச் சுத்தம் செய்தது. மறுபடி சலோ என்றேன். அரைக்கால் கரியனின் முதுகில் ஏறி நின்றது. அந்த உயரம் வசதியாக இருந்ததால் என் பையிலிருந்து ஒரு பொறையை எடுத்தது. கரியன் கண்ணை மூடிக்கொண்டது. உள்ளே இருப்பவை எல்லாம் குடும்பம் என்பது அதன் தீர்ப்பு. குடும்பத்தை யாராவது விரட்டுவார்களா.

தடத்தின் அந்தப் பக்கம் நின்று குமாரசாமி பார்த்துக்கொண்டிருந்தார். கோழிப்பண்ணைக்காரர். எனக்கு மச்சான் முறை.

"மாப்ள, என்ன பண்றீங்க?"

"நாய்க்குப் பயிற்சி, மச்சான்."

"நாய் தூங்குதுங்களே."

"மொத நாளு."

"அதென்ன பாஷ?"

"இந்தி. உங்க பண்ணை வடநாட்டு ஆளுககிட்ட நீங்க பேசறதுதான்."

"நானெங்க பேசறேன்? அவுங்கதான் என்கிட்டத் தமிழ் பேசறாங்க. நேத்து ஒருத்தன், 'தீவனம் பத்தாதுங்க மொதலாளி'ங்கறான். எங்க அப்பன் பேசுன மாதிரியே இருந்துச்சு."

"நாய் நகர மாட்டேங்குது, மச்சான்."

அவர் சற்று யோசித்தார். குமாரசாமி யோசித்துச் சொன்னதை நான் கேட்டது என் பிழை.

"அதுக்குத் தெரியாதுல்லீங்க மாப்ள. ஆடுன்னா எப்படி நடக்கோணும், எங்க நிக்கோணும், எப்பத் திரும்போணும்னு ஒருக்கா காட்டோணும். புது ஆளுக்கு லாரி பழக்கறப்ப, நாம ஓட்டிக் காட்டறதில்லீங்களா?"

"அதுக்கு?"

"நீங்களே ஆடா நடங்க."

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்காமல் ஏற்றுக்கொண்டேன். ரிக் வேலையில் எதையும் செய்து காட்டித்தான் கற்பிப்போம். சலோ என்று சொல்லிவிட்டு நான் நடந்தேன். பொறை வாசத்துக்கு நாய்கள் பின்னால் வந்தன. ருக்கோ என்று நின்றேன், அவையும் நின்றன. வாபஸ் என்று பட்டியை நோக்கித் திரும்பினேன், அவையும் திரும்பின. ஒவ்வொரு முறையும் ஆளுக்கொரு பொறை கொடுத்தேன். மூன்றாம் நாள் கரியன் தன் மூக்கால் என் கெண்டைக்காலைத் தள்ளியது. அதற்கு இரண்டு பொறை. ஐந்தாம் நாள் நான் வழி விலகினால் செவலை குறுக்கே வந்து மறித்தது. அதற்கு மூன்று. ஏழாம் நாளிலிருந்து நான் நடந்தால் இடமும் வலமும் நாய்கள், பின்னால் வரிசையாக அரை, கால், அரைக்கால். தடத்திலிருந்து பட்டிவரை ஊர்வலம் ஒரு தப்பும் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. பத்தாம் நாள் குமாரசாமி கையெடுத்துக் கும்பிட்டார்.

"இந்த ஜில்லாவுல இந்த மாதிரி நாய் கெடையாதுங்க, மாப்ள. ஆடும் கெடையாது."

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு உண்மை புரிந்திருக்க வேண்டும். வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். சாரதாமணி எதிரில் உட்கார்ந்து மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சாலையில் குமாரசாமியின் பண்ணையாட்கள் இருவர் போனார்கள். ஒருவன் மற்றவனிடம் "சலோ பாய்" என்றான். மரத்தடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்தன. நேராக என் நாற்காலிக்குப் பின்னால் வந்தன. கரியன் மூக்கை வைத்து ஒரு தள்ளு. நான் எழுந்தேன். இன்னொரு தள்ளு. நடந்தேன். அரையும் காலும் அரைக்காலும் எங்கிருந்தோ வந்து பின்னால் சேர்ந்துகொண்டன. இருபது அடி போவதற்குள் சாலையிலிருந்து "அரே, ருக்கோ" என்று குரல் வந்தது. நாய்கள் நின்றன. நானும் நின்றேன். நான் ஏன் நின்றேன் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"எங்கீங்க போறீங்க?" என்றாள் சாரதாமணி.

"சும்மா. காலாற."

"நாயும் காலாறப் போகுதுங்களா?"

"மழை வருமாட்ட இருக்குது. மிருகத்துக்கெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுரும்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகமில்லை.

"ஆமாங்க," என்றாள். "தெரிஞ்சுருமாட்டத்தான் இருக்குது."

பிறகு தலையைக் குனிந்து விடைத்தாள் ஒன்றில் பெரிதாக ஒரு சுழி போட்டாள்.

வியாழக்கிழமை அரங்கேற்றம். பன்னிரண்டு மணிக்கு அவள் ஸ்கூட்டரில் போனாள். மூன்று மணிக்கு நாய்கள் இரண்டையும் தடத்து வாயிலுக்கு அழைத்துப்போய், ருக்கோ என்றேன். உட்கார்ந்தன. சிலை மாதிரி உட்கார்ந்தன. நாற்பது ஆடுகளும் கிழக்கு மூலையில் மேய்ந்துகொண்டிருந்தன. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நால்ரோட்டை நோக்கி நடந்தேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. அந்த ஒரு கிலோமீட்டர் தூரம் நான் இளைஞனாக இருந்தேன்.

பெஞ்சில் என் இடத்தில் பாலசுந்தரம் உட்கார்ந்திருந்தான். லாரிப் பட்டறை வைத்திருப்பவன். ஊர்முறையில் எனக்கு மருமகன். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டான். இடம் இன்னும் எனக்கிருந்தது. செல்லாயி அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

"என்ன மாதேஸ்வரா, ஆளையே காணோம்? ஆடு மேய்க்கறதாக் கேள்வி."

"மேய்ச்சேனுங்க்கா. இப்ப மேய்க்கறதில்ல. நிர்வாகம் பண்றேன்."

"அப்படீன்னா?"

"நாய் மேய்க்குது. வெளிநாட்டு முறை. கட்டளை மட்டுந்தான் நம்முளுது."

பாலசுந்தரம் வாயைப் பிளந்தான். அந்த வாயைப் பார்த்து எத்தனை வாரமாயிற்று. நான் விளக்கத் தொடங்கினேன். விலங்குகளின் உளவியல், கட்டளையின் சுருக்கம், எஜமானன் குரலில் இருக்க வேண்டிய அழுத்தம்.

"சாரதாவுக்கு இது தெரியுமா?" என்றாள் செல்லாயி அக்கா.

"ஊட்டுல முடிவெடுக்கறது நானுங்க்கா. அவுளுக்கு எதுக்கு அந்தத் தொந்தரவு."

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சத்தத்தை வைத்தே யாருடைய ஸ்கூட்டர் என்று சொல்லிவிடுவேன். அன்று சொல்ல விரும்பவில்லை. சாரதாமணி வண்டியைச் சாலையோரம் நிறுத்தினாள். கால் வைக்கும் இடத்தில் அரைக்கால் நின்றுகொண்டிருந்தது. பின்னால் நாக்கைத் தொங்கவிட்டபடி கரியன், செவலை. அவற்றுக்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு, அரையும் காலும்.

"ஏனுங்க, ஆடெல்லாம் எங்கீங்க?"

"காட்டுல. நாய் பாத்துக்குது."

"நாய் இங்க இருக்குதுங்களே."

கடையில் இருந்தவர்கள் நாயைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"கடைசி வகுப்பு இல்லைன்னுட்டாங்க, வெரசலா வந்தேன்," என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "நாய் தடத்துலதான் உக்காந்திருந்துச்சு. அதுகளத் தாண்டி நாலு ஆடு குமாரசாமியண்ணன் கெழங்குக்குள்ள போயிருச்சு. நாலும் சென. ஒரு வாய் கடிக்கறதுக்குள்ள நான் போயிட்டேன். எல்லாத்தையும் பட்டில அடைச்சுப்போட்டுத்தான் வாரேன்."

டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். "ஒண்ணும் ஆகலையே?"

"ஆகலீங்க."

அந்த நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் பாலசுந்தரம் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நிர்வாகி பாதி டீயில் எழுந்தால் எப்படி.

"சரி, நீ முன்னால போ. நான் டீயக் குடிச்சுட்டு வாரேன்."

அவள் மறுக்கவில்லை. நாய்களின் பக்கம் திரும்பினாள்.

"கரியா. செவல. வாபஸ்."

உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. கரியன் பெஞ்சுக்குப் பின்னால் வந்தது. என் இடுப்புக்குக் கீழே ஒரு தள்ளு. நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். செவலை முன்பக்கம் வந்து வேட்டி நுனியை வாயில் கவ்வி, மெதுவாக, மிகுந்த மரியாதையோடு இழுத்தது. மானம் போவதா, வேட்டி போவதா என்று கேள்வி எழுந்தது. எது போனாலும் மற்றதும் கூடவே போகும் என்று தெரிந்ததால் எழுந்துவிட்டேன்.

"மாமா, டீ?" என்றான் பாலசுந்தரம்.

"இருக்கட்டும் உடு," என்றாள் செல்லாயி அக்கா. "மேய்ச்சல் முடிஞ்சு வந்து குடிப்பாரு."

ஒரு கிலோமீட்டர். இடப்பக்கம் கரியன், வலப்பக்கம் செவலை, பின்னால் இரண்டு குட்டை ஆடுகள். எல்லோருக்கும் பின்னால் ஸ்கூட்டரில், இரண்டு காலையும் தரையில் உரசவிட்டபடி, சாரதாமணியும் அரைக்காலும். வழியில் ஒரே ஒரு முறை ருக்கோ என்று சொல்லிப் பார்த்தேன். நாய்கள் நின்றன. பின்னாலிருந்து, "சலோ," என்று குரல் வந்தது. நாய்கள் நடந்தன. இந்தியும் அவள் பெயருக்குப் பட்டா மாறிவிட்டது. டவுன் பஸ் ஒன்று எங்களைக் கடந்து போனது. சன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் கைப்பேசியை வெளியே நீட்டினார்கள். குமாரசாமி தன் காட்டு வரப்பில் நின்று மீண்டும் கையெடுத்துக் கும்பிட்டார்.

பட்டிக்குள் நாற்பது ஆடுகளும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"உனக்கு இந்தி எப்படித் தெரியும்?"

"கலியாணமாகி ரெண்டாம் வருசம் படிச்சேனுங்க. தபால்ல பாடம் வாங்கி, மூணு பரிச்ச எழுதி பாஸ் பண்ணியிருக்கறேன். நாய்க்கு நீங்க பழக்குன மூணு சொல்ல மட்டும் குமாரசாமியண்ணன் சொன்னாரு."

"எதுக்கு?"

"நீங்க அங்கிருந்து தாபா ஓட்டல் பூத்துல நின்னு போன் பண்ணுவீங்க. 'சாரதா, ரெண்டு நாளாச் சரியாச் சோறே இல்ல, வெறும் ரொட்டியும் வெங்காயமுந்தான்'னு சொல்லுவீங்க. நான் இங்க சாப்பிடாம அழுதுட்டு இருப்பேன். நடுவுல போன அக்கட்டால புடிச்சு, யாருகிட்டயோ இந்தில என்னமோ சொல்லுவீங்க. அது என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"என்ன சொன்னேன்?"

"முர்கா ஏக் பிளேட் அவுர் லாவோ."

அதற்கு 'இன்னொரு தட்டுக் கோழி கொண்டு வா' என்று பொருள். இருபத்திரண்டு ஆண்டுகளில் நான் தின்ற கோழிகள் அனைத்தும் வயிற்றுக்குள் எழுந்து நின்று ஒரே குரலில் கூவின.

"தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கலியே."

"பட்டினி கெடக்கலைன்னு தெரிஞ்சுச்சு. அது போதும்னு நானும் சாப்பிட்டுப்போட்டு ஆடு மேய்க்கப் போயிட்டேன்." அவள் பட்டிக் கதவின் கொண்டியைச் சரிபார்த்தாள். "நின்னே காலம் போச்சுன்னு நால்ரோட்டுல சொல்றீங்களாமா. நானும் இங்க உக்காரலீங்க. இந்த வகுப்புக்கு இருவத்திநாலு வருசமாக் காத்திருந்தேன். ஒரு ஆடு செத்தா நாளைக்கே நின்னுருவேன். அது உங்களுக்கும் தெரியும்."

தெரியும். ஆடுகளை இன்னொரு முறை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. ஆடுகளைக் காட்டில் விட்டு, தடத்து வாயிலில் என் இடத்தில் நின்றேன். யாரும் சொல்லாமலே நின்றேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சாரதாமணி கல்லூரிப் புடவையில், கைப்பையோடு, ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நேராக நாய்களிடம் போனாள். குனிந்து, இரண்டின் காதருகிலும் நீளமாக ஏதோ இந்தியில் சொன்னாள். எழுவாய் இருந்தது, பயனிலை இருந்தது, நடுவில் ஏதோ மரியாதைச் சொல்கூட இருந்தது. என் இந்தி குழாயைத் தூக்கவும் இறக்கவும் கோழி வரவழைக்கவும் மட்டுமே போதுமானது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஆனால் கரியன் எழுந்து தடத்தின் இடப்பக்கமும் செவலை வலப்பக்கமும் போய் உட்கார்ந்தன. ஆடுகளுக்கு முதுகைக் காட்டி, என்னை நோக்கி உட்கார்ந்தன.

"அதுககிட்ட என்ன சொன்ன?"

அவள் வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"ஐயா தடத்தத் தாண்டுனா மடக்கிக் கொண்டாங்கன்னு சொன்னேனுங்க. கடிச்சுப்போடாதீங்க, நாளைக்கும் மேய்க்கோணும்னேன்."